முந்நூற்றைம்பது மீற்றர் காற்று

அக்காவுக்கு ஷிப்ட் மாற்ற முடியாமல் போனதால்தான் நான் போனேன். போன செப்டெம்பர் கடைசியில் அத்தான் ஸ்கொட்லாந்துக்குக் கலைமான் வேட்டைக்குப் புறப்பட்டார். தனியாகக் கார் ஓட்ட விடமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கோ ஊரில் சண்டை நடந்த காலத்திலிருந்தே துவக்குச் சத்தம் ஆகாது. தீபாவளி வெடிக்கே லண்டன் ஈஸ்ட் ஹாமில் யன்னலை அடைத்துக்கொண்டு இருக்கிறவள் நான்.

அக்கா வீடு இருக்கும் செவன் கிங்ஸிலிருந்து நானூற்றைம்பது மைல். தேநீருக்கு நின்றதோடு பத்து மணித்தியாலம். வேட்டைக்காரருக்கு நாளொன்றுக்கு அறுநூறு பவுண்ஸ், கூடப் போகிறவருக்கு இலவசம். பயப்படுவதற்குக் கட்டணம் கிடையாது.

காலையில் வழிகாட்டி ஈவன் எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். வழியில் அவர் சொன்னதைப் போகிறவர்கள் மனதில் வைத்திருங்கள். லண்டனுக்கு வெளியே சமதரையில், கோடை வெயிலில் குறி சரிபார்த்த துவக்கு மலையில் அப்படியே சுடாது. குளிரில் வெடிமருந்தின் வேகம் குறைந்து, துவக்கிலிருந்து பாயும் சன்னம் சற்றுத் தாழும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அவ்வளவு தாழாது. சரிவில் கீழ்நோக்கிச் சுட்டால் குறிக்கு மேலே போகும். இதெல்லாம் கணக்குக்குள் வரும், காற்று மட்டும் வராது என்றார். குறி பிழைத்தால் மான் உடனே சாகாதாம். வயிறு கிழிந்து நாட்கணக்கில் அலையுமாம். அதைக் கேட்டதிலிருந்து அத்தானின் துவக்கைப் பார்க்காமலே நடந்தேன்.

பதினொரு மணியளவில் பள்ளத்துக்கு அப்பால், இடப்பக்கம் பார்த்தபடி ஒரு மான் தெரிந்தது. முந்நூற்றைம்பது மீற்றர். கிட்டப் போவோம் என்றார் ஈவன். அத்தான் போனை நீட்டினார். குளிர், உயரம், காற்று எல்லாம் போட்டு அதில் கணக்குப் பார்த்திருந்தார். காற்றும் இடமிருந்து வலமாக நிதானமாக வீசியதால் ஈவன் அரைமனதோடு தலையாட்டினார்.

அத்தான் ஈரப் புல்லில் படுத்துக் குறிபார்த்தார். பின்னால் நான். நம்மவர்கள் குளிரென்றால் செய்வதுபோலக் கழுத்து, நெஞ்சு எல்லாம் தைலம் அப்பிக்கொண்டு போயிருந்தேன். திடீரென்று மான் தலையைத் தூக்கி, மூக்கை விரித்து, எங்கள் பக்கம் பார்த்தது. என் தைலம் அதற்கு மணத்துவிட்டது. அப்படியென்றால் காற்று எங்கள் முதுகுப்பக்கமாகத் திரும்பிவிட்டது.

"வேண்டாம், காற்று மாறிவிட்டது!" என்றார் ஈவன்.

"அத்தான், சுடாதேங்கோ!"

"பொறு, ஓடப்போகுது," என்றவர் சுட்டே விட்டார்.

நான் முகங்குப்புறக் கிடந்தேன். எழும்பியபோது மானைக் காணவில்லை. பள்ளமெல்லாம் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பட்டதா இல்லையா என்று தெரியாமல் திரும்புவது அங்கே வழக்கமில்லை. இரத்தம் தேடி இறங்கினோம். சிவந்த ஒவ்வொரு இலையையும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கடைசியில் ஈவன் கரிய சேற்று மேட்டில் சன்னம் புதைந்த ஓட்டையைக் காட்டினார். வராத காற்றுக்காக இடப்பக்கம் தள்ளி வைத்த குறி, மானின் நெஞ்சுக்கு முன்னால் போயிருந்தது. "மற்றப் பக்கம் திரும்பி நின்றிருந்தால் வயிறு," என்றார்.

போகிறவர்களுக்கு: தைலம் பூசாதீர்கள். தூரத்தை நம்பாமல் கிட்டப் போங்கள். புல்லும் பனிமூட்டமும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் விரலை எடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது லண்டன் நோர்த் சேர்க்குலர் வீதிச் சிக்னலில் நின்றோம். "அடுத்த முறை நல்ல காற்றுமானி ஒண்டு வாங்கினால் குறி பிழைக்காது," என்றார் அத்தான்.

"ஊரிலை சண்டைக்குள்ளை எங்கடை அம்மாவிலை பட்டதும் ஆரோ ஆருக்கோ வைச்ச குறிதானே, அத்தான். அவங்களும் கணக்குப் பாத்துத்தான் சுட்டிருப்பாங்கள்."

பச்சை விழுந்து, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அத்தான் காரை எடுக்கவில்லை.