திருநாள் காலையில் உப்புப் பார்த்தவள்

சாமியார் வீட்டுக் குசினியில் புதிதாகச் சேருகிற பெண்பிள்ளைகளே, சோறு அடிப்பிடித்தால் நான் வழி சொல்லித் தருவேன். இது வேறு தப்பு.

நானும் உங்களைப் போல இங்கே வேலை செய்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் ஏழு மாசம். கட்டியவர் கொழும்புக்குக் கப்பலேறி ஆறு மாசம். கணக்கு நேர்தான். ஆனாலும் வலை பின்னுகிற பெண்கள் என்னைக் கண்டால் விரல் மடக்கி மாசம் எண்ணினார்கள்.

கர்த்தர் பிறப்புக்கு முந்திய ஆகமன காலம் நாலு வாரமும் ஒழுங்காகக் கழிந்தது. பீடத்தில் ஊதாத் துணி, ஊரில் கல்யாணம் இல்லை, என் வாயில் வம்பும் இல்லை. கடைசியாகச் சொன்னது பாதி பொய்.

கர்த்தர் பிறந்த திருநாளில் நடுச்சாமப் பூசைக்கு வயிற்றுப்பிள்ளைக்காரியை அனுப்பமாட்டார்கள். விடிந்தபின் நடக்கும் பூசையில்தான் நான் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும். அதுவரை வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படக்கூடாது. மீறி வாங்கினால் சாவான பாவம்.

பூசை முடிந்து சாமியார்கள் சாப்பிட ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கினேன்.

குசினிக்காரர் மிக்கேல் அண்ணன் திரும்பினார். "ஏட்டி, நக்கிட்டியா?"

"உப்பு பாத்தேன் அண்ணே."

"பூசைக்கு முன்னாலயா?"

வாங்கினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? வாங்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்?

"ஒரு சொட்டுதானே? வாயக் கொப்பளிச்சிட்டுப் போ. யாருக்குத் தெரியும்?" என்றார்.

"வயித்துல கெடக்கதுக்குத் தெரியும்."

மணி அடித்துவிட்டது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பூசையில் ஒரு செபமும் வாயில் வரவில்லை. நற்கருணை நேரம் வந்தது. பெண்கள் வரிசை முழுக்க எழுந்தது. நான் மட்டும் இருந்தேன்.

மாமியார் விலாவில் இடித்தாள். "எழும்புட்டி."

"நான் வரல்ல மாமி."

"ஏன்? என்ன பாவம் செஞ்ச?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அதான் அவளுக்கே தெரியுமே" என்று முணுமுணுத்தாள். மாமியார் முகம் வெளுத்தது. அவள் பார்வை என் வயிற்றில் விழுந்தது. அந்தப் பார்வைக்குப் பயந்ததுபோல நான் கடலுக்கும் பயந்ததில்லை. கையை நீட்டினேன்.

மாமியார் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். கறியின் மஞ்சள் அப்படியே இருந்தது. மோந்து பார்த்தாள்.

"ஆட்டுக்கறி!" கோயில் முழுக்கக் கேட்டது. "உப்பு பாத்திருக்கா, மூதேவி! ஒரு சொட்டுக்குப் பயந்து இருக்கா. வேற என்னத்தட்டி நெனச்சிய?"

பின்வரிசையில் தலைகள் குனிந்தன. மாமியார் வாங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். செபத்துக்கு நடுவே, "உப்பு சரியா இருந்துச்சா?" என்றாள்.

"கொறவு, மாமி."

அன்று சாமியார்கள் உப்புக் குறைந்த கறியையே தின்றார்கள். அடுத்த திருநாளிலிருந்து, நடுச்சாமப் பூசையில் நற்கருணை வாங்கியவள்தான் விடிந்து உப்புப் பார்ப்பாள் என்று சட்டம் போட்டோம். அதைக் கடைப்பிடியுங்கள்.

இன்னொன்று, நான் தனியாகக் கற்றது: குசினியில் தப்பு நடந்தால் அவசரப்பட்டுக் கையைக் கழுவாதீர்கள்.