கண்மாயை மறித்த கப்பற்படை

எங்கள் வீட்டில் தீபாவளியன்று ஆயிரம் வாலாவைப் பற்றவைக்கும் உரிமை அண்ணனுக்குத்தான். அவன் மூத்தவன், அதோடு ஆண்பிள்ளை. எனக்கு இரண்டு தகுதியும் இல்லை. சித்தப்பா பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் ஒன்பது வயதுவரை நான் ஒரு சரவெடி கொளுத்தியதில்லை என்பது பெரிய மானக்கேடாக இருந்தது. அந்த வருஷம் நான் அழுத அழுகை தாங்காமல் சித்தப்பா ஒரு பந்தயம் வைத்தார்.

நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. டிவியில் அப்போது இலங்கைக் கடற்சண்டைதான் செய்தி. அதைப் பார்த்து அண்ணன் கண்டுபிடித்த விளையாட்டையே சித்தப்பா பந்தயமாக்கிவிட்டார். அண்ணனும் கூட்டாளிகளும் நேவி. வாழைமரத் தெப்பத்தில் நின்று கண்மாயை மறிப்பார்கள். நானும் தெருப் பிள்ளைகளும் ஒரு தீப்பெட்டியை நனையாமல் எதிர்க்கரை சேர்த்துக் குச்சியை உரச வேண்டும். பற்றினால் ஆயிரம் வாலா எனக்கு. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கப்பலில் ஏற்ற வேறென்ன சரக்கு தோன்றும்!

நாங்கள் நீந்திப் போன ஒவ்வொரு தடவையும் நேவி தண்ணீரை வாரி அடித்தது. தீப்பெட்டி கூழானது. "ஏலே, அடுத்த லோடு எப்பலே வரும்?" என்று அண்ணன் கொக்கரித்தான். கரையேறி நான் ஓவென்று அழுதேன்.

சித்தி அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆவணியில்தான் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அகதி முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். சிறுமியாக இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவளாம். வீட்டில் அவள் பேசி நாங்கள் அதிகம் கேட்டதில்லை. அன்று தெப்பத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நெருப்புப்பெட்டியை இங்க தா, பிள்ளை. வெறும்பெட்டி ஒண்டை நீ தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடுவால போ. எல்லாரும் நல்லாக் கத்துங்கோ."

தீப்பெட்டியைப் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டைக்குள் செருகினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்ற கருவேல மரங்களுக்குள் ஓசையில்லாமல் இறங்கினாள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். மொத்த நேவியும் எங்கள்மேல் பாய்ந்தது. அண்ணன் வெறும்பெட்டியைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கித் தெப்பத்தில் ஆட்டம் போட்டான்.

"பிள்ளையள்!"

எதிர்க்கரையில் சித்தி. கையில் குச்சி எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கே கேட்கும்படி மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுக் குதித்தாள்.

"சித்தி ஆட்டத்துலயே இல்ல!" என்றான் அண்ணன்.

"சேத்துக்கிட்டாச்சுலே. நேவின்னா நாலு பக்கமும் பாக்கணும்" என்று சித்தப்பா கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் எதிர்க்கரை ஏறிச் சித்தியிடம் ஓடினேன். விரல் சுடும்வரை எரியவிட்டு ஊதி அணைத்திருந்த கரிக்குச்சியைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்தாள். காது குடைவதற்கே புதுக்குச்சியை எடுக்கிற ஊர் எங்களுடையது.

"எரிஞ்ச குச்சி எதுக்குச் சித்தி?"

"அடுப்பில இருந்து விளக்குக்கு நெருப்பெடுக்கலாமெல்லோ!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தத் தீபாவளிக்கு ஆயிரம் வாலாவை நான் கொளுத்தினேன். அந்தச் சந்தோஷத்தில் வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. போரில் இலங்கை அரசு கடலை மறித்து, சித்தியின் ஊருக்குள் தீப்பெட்டியைக்கூட விடாமல் வைத்திருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டில் மூட்டிய நெருப்பைத் தெருவே வாங்கிக்கொண்டு போகுமாம். படகில் வந்தபோது, கடற்படைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, இக்கரை சேரும்வரை அவள் அம்மா அவள் வாயைப் பொத்தியபடியே வந்தாளாம். ஒரு தண்ணீரைக் கடந்து சித்தி வாய்விட்டுக் கத்தியது எங்கள் கண்மாய்க் கரையில்தான் முதல் தடவை.