நடுக்கோட்டைத் தாண்டாதவர்

எழுபதுகளின் கடைசியில், ஒரு சீசன் முழுவதும் எனக்குக் குற்றாலம் தபாலாபீசில் கிளார்க் வேலை. சாயங்காலங்களில் தென்காசி டவுன் டீமில் ஹாஃப் பேக்காக ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பதுதான் வேலை. தாமதமானால் திட்டுவார்கள். ஆகாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் கவுண்டருக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். ஸ்பெயினுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீசிலிருந்து ஸ்பெயினுக்கு அதுவரை எதுவும் போனதில்லை. போஸ்ட்மாஸ்டர் கட்டணப் புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள், பை கட்டும் சணல் உருண்டை என் முழங்கை பட்டுக் கவுண்டருக்கு வெளியே விழுந்தது. வெள்ளைக்காரர் குனியவில்லை. இடது பாதத்தைக் கொஞ்சம் தூக்கினார். உருண்டை தரையில் படாமல் அவருடைய ஷூவின் மேல் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரு தட்டு தட்டிக் கையில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"ஃபுட்பால் ஆடுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஆடிக்கொண்டிருந்தேன். வேலையே அதுதான். பதினாலு வருஷம்."

எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. இருந்தாலும் அடுத்த மூன்று வாரமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்து ஐந்தருவிக்குப் போய்விடுவேன். அவர் அங்கேதான் இருப்பார். அவருடைய அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு சர்ச்சில் பாதிரியார். அவர்தான் தம்பியின் மூட்டுக்கு எண்ணெயும் அருவித் தண்ணீரும் நல்லது என்று செங்கோட்டை ரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவரைக் கல்லில் உட்கார வைத்து முழங்காலைப் பிசைந்துகொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாழ்க்கையைக் கேட்டேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் என்றதும் நான் எதையெதையோ கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் பெரும்பாலும் இரண்டாம் டிவிஷனில்தான் ஆடியிருக்கிறார். ஒரே ஒரு வருஷம் முதல் டிவிஷன். அந்த ஊரில் வருஷம் பூராவும் மழை. கோல் மொத்தம் மூன்று. அதில் ஒன்று சொந்த கோல் போஸ்ட்டுக்குள். முதல் கோச், "நீ நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்து வந்தால் வாங்கு, பக்கத்தில் இருப்பவனிடம் கொடு" என்று சொல்லியிருக்கிறார். பிறகு வந்த கோச்சுகளும் அதையே சொன்னார்களாம். பதினாலு வருஷம் அவர் தாண்டவில்லை.

ஒரு நாள் பர்ஸிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு ஆட்டம் முடிந்ததும் பதினொரு பேரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள். இவர் பெயருக்கு எதிரே ஒரே வார்த்தை. வாசித்துக் காட்டினார்: "கொரெக்தோ." அதற்கு மட்டும் எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"மூட்டு எப்படிப் போச்சு?"

"பயிற்சியில். பக்கத்தில் யாருமே இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயில் காலை வைத்துவிட்டேன்."

எண்ணெய் தேய்க்கிறவர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "எல்லா மூட்டும் அப்பிடித்தான்யா போவுது" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கேப்டனிடம் சொல்லிவிட்டேன். கேப்டன் தென்காசியில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. முப்பத்தெட்டு வயது, தொந்தி உண்டு, சென்டர் ஃபார்வர்டு. பந்து வாங்கித் தருவதும் பனியன் தைத்துத் தருவதும் அவர்தான் என்பதால் அந்த இடத்துக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் செங்கோட்டை டீமோடு ஃபைனல்.

"ஸ்பெயின்காரன் நம்ம டீம்ல இருக்கான்னா செங்கோட்டைக்காரன் பாதி வழியிலயே திரும்பிருவான்வே. கடைசி இருவது நிமிசம் நின்னாப் போதும்னு சொல்லும்."

சொன்னேன். ஸ்பெயின்காரர் தன் முழங்காலைப் பார்த்தார். எண்ணெய் தேய்க்கிறவரைப் பார்த்தார். சரி என்றார்.

செங்கோட்டைக்காரர்கள் பாதி வழியில் திரும்பவில்லை. விஷயம் தெரிந்து இரண்டு லாரி கூட்டத்தோடு வந்தார்கள். இலஞ்சிக்காரர்களும் திரண்டிருந்தார்கள். மைதானத்தின் ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அங்கேயும் ஆட்கள். கோல் எதுவும் விழாமல் எழுபது நிமிஷம் போனது. ஸ்பெயின்காரரை இறக்கினார்கள். விசில் சத்தத்தில் ரெஃப்ரி ஊதியதே கேட்கவில்லை.

அவர் நடந்து வந்து நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பந்து வந்தது, வாங்கினார், எனக்குக் கொடுத்தார். "மறுபடி" என்று கையை நீட்டினார். திருப்பிக் கொடுத்தேன். லெஃப்ட் பேக்குக்குக் கொடுத்தார். அவன் எனக்குத் தட்ட, நான் மறுபடியும் அவரிடம் கொடுத்தேன். பத்து நிமிஷம் செங்கோட்டைக்காரர்கள் பந்தைத் தொடவில்லை. கோலுக்குப் பக்கத்தில் நாங்களும் போகவில்லை.

கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏலே வெள்ளக்காரா, ஓடுலே!"

"அவன் என்னத்துக்குலே மரம் மாதிரி நிக்கான்?"

அண்ணாச்சி முன்னாலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஓங்கி அடிக்கச் சொல்லும்வே! தட்டித் தட்டி விளையாடுதான், பிள்ளைய தாலாட்டுத மாதிரி!"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஸ்பெயின்காரர்.

"நன்றாக ஆடுகிறீர்களாம்" என்றேன்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருஷம் ஆடியிருக்கிறேன். ஒரு ஆள் என் காலிலிருந்து பந்து வரும் என்று நம்பி, அதற்காகவே காத்துக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பந்தைக் கொடுத்ததும் அவர் தலையை லேசாக அசைப்பார். அதற்காகவே அடுத்ததை இன்னும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

பிறகு என்ன தோன்றியதோ, பந்தை எனக்குக் கொடுக்காமல் காலிலேயே வைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தார். மைதானத்துக்கு வெளியே எந்தக் கோச்சும் இல்லை. சோடா வண்டிதான் நின்றது. தாண்டினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நொண்டிக்கொண்டே வேகமாக நடந்தார். இப்படி ஒரு நடையை எதிர்பார்க்காத செங்கோட்டை ஆட்கள் இரண்டு பேர் வழி விட்டார்கள். அண்ணாச்சி பந்து கேட்டுக் கத்தினார். கொடுக்கவில்லை. வலது காலால், கெட்டுப்போன அந்தக் காலால், ஓங்கி உதைத்தார்.

பந்து கோலுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, தென்னை ஓலைகளுக்கும் மேலே போனது. தோப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். மதகு வரை ஆட்கள் தேடிப் போனார்கள். பந்து கிடைக்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்ப் பார்த்தேன். வலியில் கண்ணில் தண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருஷம்" என்றார்.

அவரைத் தூக்கி வெளியே உட்கார வைத்துவிட்டு, பழைய பந்து ஒன்றை எடுத்து மிச்ச ஆட்டத்தை ஆடினோம். பந்தைத் தேடியதில் போனது போக இரண்டு நிமிஷம் இருந்தது. பந்து என்னிடம் வந்தது. வழக்கமாக என்றால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடித்திருப்பேன். அன்று நிறுத்தி, தலையைத் தூக்கி, யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். கேட்டு நிற்க யாரும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கோட்டை ஃபார்வர்டு என் காலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டான்.

அண்ணாச்சி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஸ்பெயின்காரரிடம் மட்டும் போய், "உங்க மேல தப்பு இல்ல சார், இந்தப் பய என்னத்தையோ வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கான்" என்று தமிழிலேயே சமாதானம் சொன்னார். அவர் கை கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் அண்ணனிடம் கிளம்பிப் போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தென்காசி ஆபீசுக்கு நான் மாறி வந்த பிறகு, அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குற்றாலத்துக்கு வந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மூன்று முத்திரையோடு வந்தது. முழுக்க ஸ்பானிஷில். ஆங்கிலத்தில் எழுத அவருக்கு வரவில்லை என்றோ, எனக்கு இதற்குள் அந்த மொழி வந்திருக்கும் என்று அவர் நினைத்தார் என்றோதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தென்காசியில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, ரயிலில் மலையைத் தாண்டி, சர்ச்சைத் தேடிப் போய்ப் பாதிரியாரிடம் கொடுத்தேன்.

தம்பியின் எழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மலையாளமும் தமிழும் கலந்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மூட்டில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பையன்களின் ஆட்டத்துக்கு ரெஃப்ரி. இரண்டாவது பக்கத்துக்குத் திருப்பினார். புருஷனைப் பிரிந்த ஒரு பெண்ணோடு வேறு ஊரில் குடித்தனம் இருக்கிறான், சர்ச்சில் கல்யாணம் நடக்க வழியில்லை, என்று வாசித்தவர் அங்கே நிறுத்தினார். மிச்சத்தை வாய்க்குள்ளேயே வாசித்தார். வெகுநேரம் ஆனது.

"பின்னே ஃபுட்பால் காரியம்தான்" என்றார். "சாயா குடிக்கும் அல்லே?"

குடித்தோம். எவ்வளவு நாளாக அவருக்குக் கடிதம் இல்லை என்று நான் கேட்கவில்லை. தபாலாபீசில் இருப்பவனுக்கு அது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"அவிட அவன் நல்லா விளையாடியோ?" என்று கேட்டார்.

"ஓடவே இல்ல ஃபாதர். ஆனா நல்லா விளையாடினார்."

"சின்னப் பிள்ளையிலேயும் ஓடில்லா" என்றார்.

நான் கிளம்பும்போது கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். உறையை மட்டும் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்த தம்பியின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.