தோடி கேட்டு அழுதவள்

சுன்னாகத்தில் நான் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். கலியாணமாகி முதல் வந்த கோயில் திருவிழாவில்தான் என் மனைவி அழுவதைப் பார்த்தேன். கொடிகாமத்தில் தாய்வீட்டை விட்டு என்னோடு புறப்பட்ட அன்றுகூடக் கண் கலங்காதவள் அவள். அன்று பின்னேரம் கோயில் வீதி மணலில் நாங்கள் இருக்க, நாதஸ்வரக்காரர் தோடியை விரித்துக்கொண்டே போனார். அவளுடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"ஏன் அழுதனீர்?"

"தெரியேல்லை."

"ஆரையும் நினைச்சனீரோ?"

"இல்லை."

நான் நம்பவில்லை. கொடிகாமத்தில் அவளோடு படித்தவர்கள், அயலில் இருந்த மச்சான்மார் என்று முகம் தெரியாத ஆட்களையெல்லாம் மனத்துக்குள் விசாரித்தேன். நாதஸ்வரக்காரரைக்கூட விடவில்லை. வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு இருந்த வயசாளி அவர். அவர்மேலும் பொறாமை வந்தது. நான் எதைச் சொல்லியும் அவளுடைய கண் அப்படி நனைந்ததில்லை.

அடுத்த நாள் சமையலறை வாசலில் நின்று விளங்கப்படுத்தினேன். "குழலுக்குள்ளை காத்து அதிருது. அந்த அதிர்வு காதுக்கு வருது. அவ்வளவுதான்."

"ஓம்" என்றபடி அவள் சோற்றை வடித்தாள்.

மறு வருடம் சிநேகிதர் ஒருவரிடம் டேப் ரெக்கோடர் இரவல் வாங்கி, அதே ஆள் வாசித்த அதே தோடியைப் பதிந்து வந்து வீட்டில் போட்டேன். அவள் கத்தரிக்காய் அரிந்துகொண்டு கேட்டாள்.

"வடிவாய் வந்திருக்கு" என்றாள். கண் காய்ந்தே இருந்தது.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. மெசினில் ஏறாத ஏதோ ஒன்று அந்த வீதியில் இருந்திருக்கிறது. அது அவளுக்குக் கிடைத்தது, பக்கத்தில் இருந்த எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என் பொறாமை கொடிகாமத்து ஆட்கள் மேல் இல்லை, அவள்மேலேயே திரும்பியது.

மூன்றாம் வருடம், தோடி தொடங்கியதும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். அத்தனை சனத்துக்கு நடுவே பெண்சாதியின் கையைப் பிடித்ததைக் கண்டு, முன்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் விடவில்லை. நாடி எப்போதும்போல ஆறுதலாக அடித்தது. கண்ணீர் மட்டும் வழிந்தபடி இருந்தது. படபடத்தது என் நெஞ்சுதான்.

வீட்டுக்கு வந்ததும், "சனம் பார்க்கக் கையைப் பிடிச்சதுக்குக் கோவமோ?" என்று கேட்டேன்.

அவள் விளங்காமல் பார்த்தாள். "எப்ப பிடிச்சனீங்கள்?"

அவள் விளையாடவில்லை. அவ்வளவு நேரமும் நான் பிடித்திருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அந்த நேரம் உமக்குள்ளை ஆர் இருக்கினம்?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒருத்தரும் இல்லை. நானும் இல்லை."

சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள். ஒரு மனிதனின் பெயரைச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

பிறகும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் போனோம். டேப் ரெக்கோடரையும் நாடியையும் விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் கண் தானாகத் திறந்து, அவள் அழத் தொடங்கிவிட்டாளா என்று பார்க்கும்.