கங்கா கட்டிய கயிறும் திடலில் நின்ற ஹெலிகாப்டரும்

கங்காவுக்குக் கண்ணில் பட்டதற்கெல்லாம் கயிறு கட்ட வேண்டும். புது சைக்கிள் வந்தால் கயிறு, தையல் மிஷின் வந்தால் கயிறு, தோட்டத்து லோரிக்கு எஞ்சின் மாற்றினால் அதற்கும் மஞ்சள் தடவிய கயிறு, கூடவே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நான் ஊசி கொதிக்கவைக்கும் சட்டியின் காதில் மஞ்சள் கயிறு தொங்கியது. "ஏன்டி, இதுவும் என்ன வண்டியா?" என்று கத்தினேன். "புதுச் சட்டிதானே அக்கா" என்றாள். அவளோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் கிடையாது.

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தத் தோட்டம். கங்கா ஜெராம் பக்கத்தில் பிறந்தவள். சிவானந்தத்தைக் கட்டிக்கொண்டு இங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்ட வந்தாள். மழையோ வெயிலோ அவள் வாளி நிரம்பாமல் திரும்பியதில்லை. நான் மவுரீன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்குக் கையாள். கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும். அதனாலேயே ஊரில் உள்ள வம்பெல்லாம் என் தலையில்தான் வந்து விடியும்.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று வெட்டுக்குப் போகும்போது சோற்றைக்கூடக் கையில் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். சிவானந்தம் பால்வெட்டை விட்டுவிட்டு ஸ்பெஷல் போலீஸில் சேர்ந்திருந்தான். காட்டுக்குள் ரோந்து போகும்போது எவனாவது அடிபட்டால் தூக்கிவர ஒரு சின்ன ஹெலிகாப்டர் வரும். வந்தால்தானே! அது பறந்த நாளைவிடப் பிரித்துப் போட்டிருந்த நாள்தான் அதிகம். கடைசியில் அதைக் கழித்துவிட்டு வேறு வாங்கலாம் என்று பட்டாளத்துக்காரர்களுக்கு ஞானம் பிறந்தது. எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு எங்கள் திடலைத் தேர்ந்தெடுத்தார்கள். சதுப்புக் காடு பக்கத்திலேயே இருக்கிறது, திடலும் மேடு பள்ளமில்லாமல் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். துரை பங்களாவில் நல்ல சமையல்காரன் இருந்தது காரணமில்லை என்று நாம் நம்ப வேண்டும்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் மீசைக்காரர். அவருக்குப் பெரிய ஹெலிகாப்டர்தான் வேண்டும். மற்றவர் கண்ணாடிக்காரர். அவருக்குக் குட்டையான ஓடுபாதையில் இறங்கும் ஒரு விமானத்தின் மேல் ஆசை. ஹெலிகாப்டர் எங்கும் இறங்கும், ஆனால் மெதுவாகப் போகும். விமானம் வேகமாகப் போய்த் தேடும், ஆனால் காட்டுக்குள் இறங்காது. இது எங்கள் தோட்டத்து ஆடுகளுக்குக்கூட ஒரே பார்வையில் புரிந்திருக்கும். இவர்களுக்கு மட்டும் காலையிலிருந்து புரியவில்லை.

நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் நோயாளி! என்னை ஸ்ட்ரெச்சரில் கட்டி ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள், இறக்கினார்கள். விமானத்தில் ஏற்றினார்கள், கதவு போதவில்லை என்று காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். என் உடம்பு கொஞ்சம் பெருத்த உடம்பு. "அடிபட்ட சிப்பாய் இவ்வளவு கனம் இருக்க மாட்டான்" என்று மீசைக்காரர் சொன்னது எனக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது கங்கா திடலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிவானந்தத்தின் ரோந்துக் கூட்டத்திடமிருந்து முந்தின நாளிலிருந்து சேதி இல்லை. வயர்லெஸ் பேசவில்லை. தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். அவள் அன்று வெட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவுமில்லை.

"அவரைத் தேடத்தானேக்கா இதுங்க வந்திருக்கு?"

"இல்லடி. எதை வாங்கலாம்னு பார்க்க வந்திருக்காங்க."

"காட்டுல ஆள காணோம், இவுங்க என்னக்கா சாமான் வாங்குறாங்க? நீ சொல்லலாமில்ல?"

சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னேன். தேடுவது வேறு பிரிவின் வேலை, இந்த இரண்டும் சோதனைக்கு வந்தவை என்று கண்ணாடிக்காரர் விளக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டை அவிழ்த்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

மதியம் எல்லோரும் துரை பங்களாவுக்குச் சாப்பிடப் போனார்கள். மெக்கானிக்கும் போய்விட்டான். இரண்டு யந்திரங்களுக்கும் காவலாக எங்கள் செல்லனை நிறுத்தியிருந்தார்கள். அவனும் ஸ்பெஷல் போலீஸ்தான், சிவானந்தத்தின் கூட்டாளி. கங்கா மஞ்சளும் நூலும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றபோது அவன் தடுப்பானா? "பின்னால கட்டு தங்கச்சி, முன்னால கட்டினா வெள்ளக்காரன் பார்த்துருவான்" என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறான். ஹெலிகாப்டரின் வாலில் ஒரு சின்ன விசிறி இருக்கிறதே, அதன் தண்டில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். லோரிக்குக் கட்டினால் அவிழ்ந்து விழுந்துவிடுகிறது என்பதால் இதற்கு இறுக்கிக் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். போன புருஷன் இந்த வண்டியிலேயே திரும்பி வர வேண்டும், அதுதான் அவள் வேண்டுதல்.

சாப்பாடு முடிந்து அவர்கள் வருவதற்கும், வாய்க்கால் கரைவழியாக ரோந்துக் கூட்டத்து ஆள் ஒருவன் சேறும் ரத்தமுமாக ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது. சதுப்புக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டிருக்கிறார்கள். சிவானந்தத்துக்குத் தொடையில் குண்டு. ரத்தம் நிற்பதற்காகத் தொடையை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு சேற்றில் அவனைத் தூக்கிவர முடியவில்லை.

விமானம் உடனே கிளம்பியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் ரோந்துக் கூட்டம் மூட்டிய புகையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, மருந்துப் பொட்டலமும் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. பக்கத்திலேயே மரம் விழுந்த வெட்டவெளி இருக்கிறது, ஹெலிகாப்டர் இறங்கலாம் என்றான் அதன் பைலட். கங்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது.

அப்போதுதான் மெக்கானிக் வாலைப் பார்த்தான். அவன் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. கத்தியால் அறுத்து, இடுக்கியால் பிடுங்கி, இழை இழையாக எடுத்தான். உள்ளே ஏதும் சிக்கியிருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்த்தான். கட்டியது யார் என்று மீசைக்காரர் கத்த, செல்லன் வானத்தைப் பார்த்தான். கங்கா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "பாவி, பாவி" என்று நான் பல்லைக் கடித்தேன். கிள்ளிவிடலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை.

அரை மணி நேரம். அவ்வளவுதான். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, பறக்கலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

பிறகு என்ன நடந்தது? சண்டை நடந்தது. சோதனைக்கு வந்த யந்திரத்தைச் சண்டை நடக்கும் காட்டுக்குள் கொண்டுபோக கோலாலம்பூர் உத்தரவு வேண்டும் என்றார் மீசைக்காரர். தனக்குப் பிடித்த யந்திரம் சேற்றில் விழுந்துவிட்டால் அதை வாங்க மாட்டார்களே என்ற பயம் அவருக்கு. விமானம் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது, இனி நடந்தே போய்த் தூக்கிவரலாம், ஆகவே விமானமே போதும் என்றார் கண்ணாடிக்காரர். ஒருவன் அங்கே ரத்தம் சிந்திக் கிடக்கிறான், இவர்கள் இங்கே வியாபாரம் பேசுகிறார்கள்! துரை பங்களாவுக்குப் போய் டெலிபோன் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது உத்தரவு கொடுக்க வேண்டியவர் இடத்தில் இல்லை. ஹெலிகாப்டர் பைலட் பையன் மட்டும் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணி மழை, எங்கள் ஊரில் கடிகாரத்தைவிடச் சரியாக வருவது, வந்து கொட்டித் தீர்த்தது. அதன்பிறகு உத்தரவும் வந்தது, அதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் விடிந்து, ஹெலிகாப்டர் போய் சிவானந்தத்தைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியது. உயிர் இருந்தது. கட்டு ராத்திரி முழுக்க இறுகியிருந்ததால் கால் கறுத்துவிட்டது. தொடையோடு எடுத்துவிட்டார்கள். முந்தின நாளே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைக் கங்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய வேலையும் எனக்குத்தான் வாய்த்தது.

அந்த வாரக் கடைசியில் நானும் கங்காவும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது மீசைக்காரர் அங்கே வந்தார். நலம் விசாரிக்க என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் கேட்டது வேறு. ஹெலிகாப்டரில் வரும்போது ரொம்பக் குலுங்கியதா, ஸ்ட்ரெச்சர் வசதியாக இருந்ததா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சிவானந்தத்திடம் கேட்டேன்.

சிவானந்தம் அவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னான். "நல்லாத்தான் இருந்துச்சு லா. முதல் நாளே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். விமானம் வந்து பார்த்துட்டுப் போச்சே. இது ஏன் வரலன்னு கேளு."

கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். மீசைக்காரரின் முகம் சிவந்தது. தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, நல்ல மனுஷனாக உண்மையைச் சொல்லியிருந்தாலும் இருக்கலாம். கங்கா விடவில்லை.

"நான்தாங்க நிறுத்திப்புட்டேன்" என்றாள் புருஷனைப் பார்த்து. "நீங்க வரணும்னு அது வால்ல கயிறு கட்டினேன். அதனாலதான் கிளம்பல."

என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "ஆமாம், ஆமாம், அந்தக் கயிறு" என்றார். கங்காவின் தோளை மெல்லத் தட்டி, வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அரை மணி நேரந்தான்டி உன் கயிறு! மிச்சமெல்லாம் அவனுங்க சண்டையாலதான். மெக்கானிக் சரின்னு சொன்னத நான் பார்த்தேன்டி!"

"நீ சும்மா இரு அக்கா. அவுங்க படிச்சவங்க. ஆள சாகவிட்டுட்டா சண்டை போடுவாங்க?"

நான் கட்டிலின் அந்தப் பக்கம் போய்ச் சிவானந்தத்திடம் முதலிலிருந்து சொன்னேன். டெலிபோன், உத்தரவு, மழை, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு கங்காவைப் பார்த்தான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவன் நம்பவில்லை. தன் பெண்டாட்டி பொய் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.