சான்றிதழுக்கு வாடகை

கல்யாணமாகி தில்லிக்கு வந்த பிறகுதான் என் மனைவி டி.பார்ம் படித்தாள். இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு மூன்று மாதம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பயிற்சி. லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், நாள் முழுக்க நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வீங்கிய காலோடு திரும்புவாள். பதிவுச் சான்றிதழ் வந்தது. வேலைதான் வரவில்லை. மனுப் போட்டுப் போட்டே ஒரு வருடம் ஓடிவிட்டது.

அப்போது கோல் மார்க்கெட்டில் மருந்துக்கடை திறக்கவிருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். பார்மசிஸ்ட் இல்லாமல் அவருக்கு லைசென்ஸ் கிடைக்காது. சான்றிதழைக் கடையில் மாட்டினால் போதும், அவள் வரவே வேண்டாம், மாதாமாதம் பணம் வீடு தேடி வரும் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் தலையாட்டிவிட்டேன்.

அவளிடம் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் பேரு தொங்குத எடத்துல நான் நிக்கணும்லா? எவனோ மருந்த மாத்திக் குடுத்தா யாரு பதில் சொல்லுவா? நீங்களா?"

"வந்த ஒரே வேலையையும் கெடுத்துக்கிடாத" என்றேன். என் குமாஸ்தா புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் அவளே கடைக்குப் போனாள். சமாதானம் பேச நானும் பின்னாலேயே போனேன். எங்கே பேச விட்டாள்! "அண்ணா, சான்றிதழ் வந்தால் நானும் வருவேன். இல்லையென்றால் இரண்டும் வராது" என்று இந்தியில் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். கடைக்காரரிடமிருந்து நான்கு நாள் தகவலே இல்லை. அந்த நான்கு நாளும் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள், அவளையே வேலைக்கு வரச் சொல்லி அவர் ஆள் அனுப்பினார்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல். ஆபீசிலிருந்து நேரே கடைக்குப் போய், நின்றவர்களை விலக்கிக்கொண்டு, ஆன்டிபயாடிக் கேட்டேன்.

"பர்ச்சா?" என்றாள், மற்றவர்களிடம் கேட்பதைப் போலவே.

"நாந்தாம்ளா."

"தெரியுது. டாக்டர் சீட்டு எங்க?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் தலைக்கு மேலே கண்ணாடி போட்ட சான்றிதழ். அதை மட்டும் அனுப்பியிருந்தால் கேட்டதும் மாத்திரை கிடைத்திருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது ஆத்திரம் போய், உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துவிட்டு, ஆன்டிபயாடிக் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்று எழுதினார். சீட்டைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மாத்திரையை எடுத்தாள்.