என் பெயரைக் கூப்பிடச் சொல்லி ஒரு அன்பியமே செபித்தது

ஆண்டவரை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு, பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஜசிந்தா எழுதுகிறேன். நோயிலிருந்து எழுந்தவர்களும் விபத்தில் பிழைத்தவர்களும் சாட்சி சொல்லும் இடத்தில் என் கதை கொஞ்சம் விளையாட்டாகத் தெரியலாம். எனக்கு அது விளையாட்டாக இல்லை. போன வருடம் தவக்காலத்தில் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். படித்துக்கொண்டிருந்த படிப்பிலிருந்து என்னை வெளியே அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். முப்பது வயதைத் தாண்டிய பிறகு எம்.பி.ஏ. படிக்க ஆசை வந்தது. பெங்களூரில் சர்வதேச எம்.பி.ஏ. ஒன்றை நடத்துகிறார்கள். இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் திணித்துக் கொடுப்பார்கள். பல நாட்டு மாணவர்கள், பல நாட்டுப் பேராசிரியர்கள். அதில் எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். ஞாயிறு பூசையில் ஃபாதர் என் பெயரைச் சொல்லி வாழ்த்தினார், கோயிலே கைதட்டியது. என் வீட்டுக்காரர் சேவியர் தக்காளி விவசாயம் செய்கிறவர். மார்க்கெட்டில் பார்க்கிற ஒருவரை விடாமல் சொல்லி முடித்தார். அங்கே அவருக்கு ‘எம்.பி.ஏ. வூட்டுக்காரர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போனவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழில் படித்தவள். எங்கள் பள்ளியில் வாத்தியார் பாடம் நடத்துவார், நாங்கள் கேட்டுக்கொள்வோம். கேள்வி கேட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள், தெரியாதவர்கள் எழுந்து நிற்பார்கள். இங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. ஏதாவது ஒரு கம்பெனியின் கதையை முந்தின நாளே கொடுத்துவிடுவார்கள். படித்துவிட்டு வரவேண்டும். மறுநாள் பேராசிரியர் உள்ளே வந்து, ‘சரி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு நின்றுகொள்வார். அவ்வளவுதான். கேள்வி முடிவதற்குள் நாலாபக்கமும் கை எழும்பும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் குறுக்கே பாய்வார். பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து பழகிய எனக்கு அது வகுப்பாகவே தெரியவில்லை. சந்தை இரைச்சலாக இருந்தது.

படிக்காமல் போனதில்லை. விடுதியில் கதையை மூன்று முறை படிப்பேன், ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதுவேன். பதிலும் பல நேரம் தெரியும். ஆனால் அதை ஆங்கிலத்தில் தப்பில்லாமல் மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். அப்புறம் எதற்குக் கை தூக்குவது? குழு வேலையில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது. படம், அட்டவணை, விளக்கம் எல்லாம் நானே செய்து கொடுப்பேன். மேடையில் ஏறி மற்றவர்கள் பேசுவார்கள். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. நிதிப் பாடம் எடுத்த பேராசிரியைக்கு ஒரு பழக்கம். கை தூக்காதவர்களையும் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த அம்மையார் உள்ளே வந்தாலே நான் குனிந்து பைக்குள் எதையோ தேட ஆரம்பிப்பேன். அதனால் தினமும் காலையில் விடுதி மாடிப்படியில் நின்று, செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஒரு செபம் சொல்லுவேன். ‘ஆண்டவரே, இன்றைக்கு அவர் வாயில் என் பெயர் வரக்கூடாது.’

வரவில்லை. ஒரு நாளும் வரவில்லை. நான் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், க்வாமே என்ற கானா நாட்டுக்காரருக்குப் பின்னால் உட்காருவேன். ஆள் ஆறடிக்கு மேல். அவர் முதுகே எனக்குச் சுவர் மாதிரி. இருந்தாலும் நான் முதுகை நம்பவில்லை, செபத்தைத்தான் நம்பினேன். வகுப்பு முடிந்ததும் மறக்காமல் நன்றியும் சொல்லுவேன். சிரிக்காதீர்கள், மனதார நன்றி சொன்னேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த வாரம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பில் பேசுவதற்கே பாதி மதிப்பெண். தேர்வில் நான் நன்றாக எழுதியிருந்தேன், பேச்சில் எனக்கு ஒன்றுமே இல்லை. இந்தப் பருவம் முடிவதற்குள் அது ஏறாவிட்டால் படிப்பைத் தொடர முடியாது, உதவித்தொகையும் நின்றுவிடும். இதைச் சொன்ன பெண் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க முயன்றேன். கை பாதி எழும்பும், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். விட்ட வேலை இனி கிடைக்காது. ஊரில் எந்த முகத்தோடு இறங்குவது? சேவியரிடம் சொல்லவும் நா எழவில்லை. சனிக்கிழமை ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, இராயக்கோட்டை தாண்டியதும் சன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இந்த ஊமைப் பேய் எனக்குள் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். தினமும் ஒழுங்காகத்தானே செபிக்கிறேன், ஏன் கைவிட்டீர் என்று கேட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை அன்பியக் கூட்டம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயில் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம், அதுதான் அன்பியம். கடைசியில் ஒவ்வொருவராக மன்றாட்டு சொல்வோம். மாடு சினை பிடிக்கவேண்டும், மகனுக்குப் பெண் அமையவேண்டும், தக்காளிக்கு விலை வரவேண்டும் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்போம். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்போம். வெளியே சொல்ல முடியாத விஷயமாக இருந்தால் ‘என் சொந்தக் கருத்துக்காக’ என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் சொன்னேன். வழக்கமான பதில் வரவில்லை. அன்பியப் பொறுப்பாளர் பிலோமினா என் வயதுக்காரி, தையல் கடை வைத்திருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தினி மாசமா சொந்தக் கருத்து, சொந்தக் கருத்துன்னே சொல்றீங்க ஜசிந்தா. என்னான்னு தெரியாமயே நாங்களும் கேட்டருளும் போட்டுனு இருக்கறோம். நாங்க எதுக்குங்க வேண்டிக்கிறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் முன்னால், சேவியர் முன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் சொன்னது, வாய் திறக்க முடியாதது, மாடிப்படியில் தினமும் கேட்ட செபம், எல்லாம்.

நான் சேவியரைப் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

“பேரக் கூப்பிடக் கூடாதுன்னு நீ கேட்ட, ஆண்டவரும் கூப்பிட வுடல. கேட்டதக் குடுத்துட்டாரு இல்ல? அப்பறம் அவர ஏன் கோவிச்சுக்கற?”

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. உண்மைதானே. என் செபம் ஒன்றுகூடத் தவறவில்லை. அத்தனையும் கேட்கப்பட்டிருந்தது. அதனால்தான் நான் இந்த நிலைக்கு வந்திருந்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். அறை முழுக்கச் சிரித்தது.

பிலோமினா விடவில்லை. “அப்ப மாத்திக் கேட்டுருவோம்” என்று சொல்லி எழுந்து நின்றார். “எங்க ஜசிந்தா பேர அந்த டீச்சரம்மா நாளைக்கே கூப்பிடணும்னு மன்றாடுவோம்.” நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுப்பதற்குள், குழந்தைகள் உட்பட மொத்த வீடும் ‘கேட்டருளும்’ என்று முடித்துவிட்டது. வழக்கத்தைவிடச் சத்தமாக வேறு. சேவியரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு செபத்தைக் கேட்டு நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் பிடித்தேன். ஓசூருக்கு முன்னால் லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே பழுதாகி நின்றது. வண்டிகள் அசையவில்லை. நான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது நிதிப் பாடம் ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். காலியாக இருந்த ஒரே நாற்காலி முதல் வரிசையில், பேராசிரியையின் மேசைக்கு நேர் எதிரே. போய் உட்கார்ந்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஜசிந்தா, நல்ல நேரத்தில் வந்தீர்கள். நீங்களே ஆரம்பியுங்கள்” என்றார்.

அன்றைய கதை, வருடா வருடம் விற்பனையும் லாபமும் ஏறிக்கொண்டே போன ஒரு கம்பெனி பற்றியது. கடைசியில் அது சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் நிற்கிறது. மூன்று முறை படித்தும் எனக்கு அது விளங்கவே இல்லை. கட்டி வைத்த வாக்கியம் ஒன்றுகூடக் கையில் இல்லை. ஊரில் என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் மட்டும் காதில் இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன், அங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை. எனக்குப் புரியவில்லை என்றேன். லாபம் இருக்கிற இடத்தில் பணம் எப்படித் தீரும், அந்த இடத்தில்தான் நான் நின்றுபோனேன் என்றேன். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் வெளியே வந்துவிட்டது.

பேராசிரியை என்னை உட்காரச் சொல்லவில்லை. வகுப்பைப் பார்த்து, இதே சந்தேகம் வேறு யாருக்கு என்று கேட்டார். முதலில் ஒன்றிரண்டு கை. பிறகு ஏறக்குறைய பாதி வகுப்பு. எப்போதும் குறுக்கே பாய்ந்து பேசுகிறவர்களின் கைகளும் அதில் இருந்தன. அந்த அம்மையார் எடுத்து வந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு கேள்வியையே மீதி நேரம் முழுக்க எடுத்தார். விற்ற சரக்குக்குப் பணம் கைக்கு வர நாளாகும், வாங்கிய சரக்குக்கு உடனே கொடுக்கவேண்டும், விற்பனை ஏற ஏற இந்த இடைவெளியும் பெரிதாகும் என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தக்காளி பறிக்கிற கூலியை அன்றன்றைக்கே கொடுக்கிறோம், வியாபாரியிடமிருந்து பணம் பிறகுதான் வருகிறது, அதுபோலவா என்று கேட்டேன். பாதி சரி என்று சொல்லி, மீதிப் பாதி எங்கே தப்பு என்று காட்டினார். அத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாதி சரி அது.

வெளியே வந்தபோது க்வாமே காபி வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்ததாம். “நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். எனக்கு முன்னால் அப்படி ஒரு முதுகு இல்லையே என்று தினமும் கவலைப்பட்டேன்” என்றார். இவ்வளவு நாள் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

அதன் பிறகு எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொன்னால் பொய். உளறினேன். ஒரு நாள் ஒரு கம்பெனியை எந்த நாட்டுக் கம்பெனி என்றே மாற்றிச் சொல்லி வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அன்றன்றைக்கு ஒரு முறையாவது வாயைத் திறந்தேன். குழுவில் மேடைப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு கேட்டு வாங்கினேன். பாஸ்கா என்கிற ஈஸ்டர் கழிந்து மதிப்பெண் வந்தது. பேச்சுக்கு நடுத்தரம் என்று போட்டிருந்தார்கள். வெளியே அனுப்பமாட்டார்கள். நடுத்தரம் வாங்கியதற்காக வகுப்பில் உட்கார்ந்து அழுதவள் நான் ஒருத்திதான். சேவியருக்குப் போன் போட்டேன். மார்க்கெட்டில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. “பாஸா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் என்னோடு பேசவில்லை, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

படிப்பை முடித்தேன். இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வேலையில் இருக்கிறேன், தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மனது நிறைவாக இருக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. கூட்டத்தில் என் முறை வரும்போது இன்னும் கை பைக்குள் எதையோ தேடத்தான் போகிறது. பயத்தை எடுத்துவிடும் என்று நான் இப்போது கேட்பதில்லை. என்னை ஒளித்து வையும் என்று அறவே கேட்பதில்லை. அவர் கொடுத்துவிடுவார், எனக்கு அது தெரியும்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் வெளியே சொல்லாத ஒரு கருத்து நெஞ்சில் இருக்கும். கேட்கத் தகுதியில்லாத சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அவரிடம் சொல்லுங்கள், கூட இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் எங்கள் அன்பியத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, யாராவது ஒருவர் வீட்டில் இருப்போம். நீங்கள் மெதுவாகச் சொன்னாலும் போதும், பதிலை நாங்கள் சத்தமாகச் சொல்வோம்.